தோட்டத்து வீட்டிலிருந்து ஜொகூர் பாரு வரை: வயதான பூனைக்கு எந்தப் பெட்டி?

தோட்டத்து மகள் (சுங்கை சிப்புட்):

அனைவருக்கும் வணக்கம். என் அம்மா பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தின் பழைய லயத்து வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு)தான் இன்றுவரை வசிக்கிறார். அவருடைய வரிசையில் இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்குக் குடிபோய்விட்டன. எனவே அடுத்த மாதம் அவரைத் தீபகற்ப மலேசியாவின் தென்கோடியில், ஜொகூர் பாருவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அழைத்துச் செல்ல முடிவெடுத்திருக்கிறோம். அம்மா விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: கருப்பன் இல்லாமல் தாம் காரில் ஏறுவதாக இல்லை.

கருப்பன், பதினோரு வயதான கடுவன் பூனை. அவனைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் ஏறி நின்று, பிறகு என் எடையைக் கழித்துப் பார்த்ததில் 5.2 கிலோ வந்தது. பிறந்ததிலிருந்து ஒரே ஒரு முறைதான் தோட்டத்தைவிட்டு வெளியே வந்திருக்கிறான். கருத்தடை அறுவைக்காக அப்பா அவனைக் கோணிச் சாக்கில் போட்டு, வாயைச் சணல் கயிற்றால் கட்டி, மோட்டார்சைக்கிளின் கூடையில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோனார். போகும் வழியெல்லாம் அலறி, சாக்குக்குள்ளேயே நனைத்துக்கொண்ட கருப்பன், திரும்பி வந்ததும் மூன்று நாள் அடுப்பங்கரைப் பரணிலிருந்து இறங்கவில்லை. அப்பா இப்போது இல்லை. ஆனால் அவர் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த காலத்து மங்கு (கிண்ணம்) ஒன்று இருக்கிறது, அதில் போட்டால்தான் கருப்பன் சோற்றைத் தொடுவான்.

இங்கிருந்து ஜொகூர் பாரு ஏறத்தாழ 560 கிலோமீட்டர். இரயிலிலும் விரைவுப் பேருந்திலும் பிராணிகளை ஏற்றுவதில்லை என்று முகப்பிடத்தில் சொல்லிவிட்டார்கள். ஆகவே என்னுடைய அக்சியா என்ற சிறிய காரில்தான் போக வேண்டும். இப்போது நான்கு கட்சிகள் உள்ளன. அம்மா இன்னும் கோணிச் சாக்கையே சொல்கிறார். வழி தெரியாமல் போனால்தான் பூனை பழைய வீட்டைத் தேடி ஓடாது என்பது அவருடைய நம்பிக்கை. சாக்கு வேண்டாம் என்றால் மூடி வைத்த பிரம்புக் கூடை போதும் என்கிறார். அண்ணன் மகள், முன்பக்கம் கண்ணாடிக் குமிழ் போல் இருக்கும் முதுகுப்பையை இணையத்தில் பார்த்துவிட்டு அறுபது வெள்ளிதான் (ரிங்கிட்) என்று அடம்பிடிக்கிறாள். என் கணவர் மடக்குக் கம்பிக் கூண்டே காற்றோட்டத்துக்கு ஏற்றது என்கிறார். ஈப்போவில் ஒரு கடைக்காரர் கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியைக் காட்டி, எட்டுக் கிலோ வரை தாங்கும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

எதை வாங்குவது, என்ன அளவில் வாங்குவது, காரில் எங்கே வைப்பது என்று விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன். இன்னொன்று: நெடுஞ்சாலையில் ஏறியதும் அவனை வெளியே எடுத்து அம்மா மடியில் வைத்துக்கொள்ளலாமா? அம்மா முக்கியமாகக் கேட்கச் சொன்னது இதைத்தான்.


கிளினிக் அக்கா (ஈப்போ):

வணக்கம், தங்கச்சி. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் பதினான்கு ஆண்டுகள் உதவியாளராக இருந்தவள் நான். பெட்டிக்குள் வந்த பூனைகளையும், பெட்டியில்லாமல் வந்து கூரைத் தட்டுக்குள் ஏறிவிட்ட பூனைகளையும் பார்த்திருக்கிறேன். அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மடியில் வைக்க வேண்டாம். பயந்த பூனை மடியில் இருக்காது. ஓட்டுநரின் காலடிக்குத்தான் போகும். வீட்டுக்குள் போய்ச் சேர்ந்து கதவைச் சாத்தும் வரைக்கும் பெட்டியின் கதவு திறக்கக் கூடாது.

சாக்கு விஷயத்தில் அம்மா சொல்வதில் பாதி சரி என்பதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாமல் இருந்தால் பூனை அடங்கும் என்பது உண்மை. எங்கள் கிளினிக்கிலும் பெட்டி வந்தவுடன் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டுவிடுவோம். சாக்கின் குற்றம் இருட்டு அல்ல. காலூன்ற ஒரு தளம் இல்லாததும், மூச்சுக் காற்று உள்ளேயே தேங்கிச் சூடாவதும்தான் குற்றம். பூனைக்கு உள்ளங்கால்களைத் தவிர மற்ற இடத்தில் வியர்வை கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். உடல் சூடேறினால் அது உரோமத்தை நக்கி ஈரமாக்கிக்கொள்ளும், அதுவும் போதாதபோது வாய் திறந்து இளைக்கும்; நெடுநேரம் வாய் திறந்து மூச்சு வாங்கும் பூனை ஆபத்தில் இருக்கிறது என்று பொருள். பிரம்புக் கூடையில் காற்று வரும், ஆனால் சிறுநீர் பட்டால் கழுவ முடியாது, நகமும் பல்லும் சேர்ந்து முயன்றால் ஓரத்துப் பிரம்பு இரண்டு மணி நேரம் தாங்காது.

நான் சொல்லும் பெட்டி இது: மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு பிளாஸ்டிக் ஓடுகளைத் திருகாணியால் பூட்டியது, முன்பக்கத்தில் இரும்புக் கம்பிக் கதவு உடையது, முடிந்தால் மேற்புறத்திலும் ஒரு கதவு உள்ளது. மேற்கதவு எதற்கென்றால், முன்வாசல் வழியாகத் தானாக நுழையாத பூனையை மேலிருந்து மெதுவாக இறக்கிவிடலாம். ஓடுகள் பிரிய வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. கிளினிக்கில் பயந்துபோன கிழட்டுப் பூனையைக் கதவு வழியாகக் கையை விட்டு இழுத்தால் அது நான்கு காலையும் ஊன்றிக்கொள்ளும். நம் முழங்கை வரை கீறல் விழும். நாங்கள் செய்வது என்னவென்றால், திருகாணிகளைக் கழற்றி, மேல் ஓட்டைத் தூக்கும் அதே வேளையில் துண்டை உள்ளே சரியவிட்டு, பூனை கீழ் ஓட்டில் தன் விரிப்பின் மேலேயே படுத்திருக்க, மருத்துவர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிடுவார். பூனையை அசைக்கவே வேண்டியதில்லை. மூட்டு வலி இருக்கக்கூடிய பதினோரு வயதுப் பூனைக்கு இது பெரிய உபகாரம்.

ஓடுகளைப் பக்கவாட்டுக் கிளிப்புகளால் மட்டும் இணைக்கும் மலிவுப் பெட்டிகளும் விற்கின்றன. அவை வேண்டாம். வெயில் படும் போர்ட்டிக்கோவில் ஓராண்டு கிடந்தால் அந்தக் கிளிப்பு வெளுத்து, அழுத்தினால் அப்பளம் போல் உடையும்.

அளவுக்கு வருகிறேன். "எட்டுக் கிலோ வரை" என்பது பிளாஸ்டிக் தாங்கும் பாரம். பூனைக்கு இடம் போதுமா என்பதை அது சொல்லாது. அயாட்டா எனப்படும் பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் உயிருள்ள விலங்குகளை ஏற்றுவதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. நாம் காரில் போனாலும் அந்தக் கணக்கு நல்ல வழிகாட்டி. பூனை நிற்கும்போது மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, அதோடு தரையிலிருந்து முன்னங்காலின் முட்டி (முழங்கை மூட்டு) வரையுள்ள உயரத்தில் பாதியைக் கூட்டினால் வருவது பெட்டியின் நீளம். தோள்பட்டையிலோ உடம்பிலோ அதிக அகலம் எங்கே இருக்கிறதோ அதை அளந்து இரட்டித்தால் வருவது அகலம். நிற்கும்போது தரையிலிருந்து தலையுச்சி அல்லது காது நுனி வரை எது உயரமோ அதோடு விரிப்பின் தடிமனைச் சேர்த்தால் வருவது உயரம். தையற்கார நாடாவை எடுத்துக்கொண்டு, கருப்பன் சோறு தின்னும்போது அளந்துவிடுங்கள், அப்போதுதான் நிற்பான். கடையில் அட்டையில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் வெளியளவு, ஆகவே பெட்டிக்குள்ளேயும் நாடாவை விட்டுப் பாருங்கள்.

பெரிதாக வாங்கினால் வசதி என்று நினைத்து நாய்க்கூண்டு அளவுக்குப் போய்விடவும் கூடாது. காரில் திடீரென்று பிரேக் போட்டால், உள்ளே எவ்வளவு வெற்றிடம் இருக்கிறதோ அவ்வளவு தூரம் பூனை பறந்து போய் மோதும். எழுந்து நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க முடிந்தால் போதும்.

வாங்குவதற்கு முன் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். ஐந்து கிலோ அரிசிப் பையை உள்ளே வைத்து, கதவைப் பூட்டி, மேல் கைப்பிடியால் தூக்கிக் கொஞ்சம் குலுக்குங்கள். ஓடுகளுக்கு நடுவே வாய் பிளந்தாலும், கதவின் தாழ்க் கம்பி துளையைவிட்டு நழுவினாலும், அந்தப் பெட்டியை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கண்ணாடிக் குமிழ் பையைப் பற்றி: வீட்டிலிருந்து கிளினிக் வரை பத்து நிமிடம் என்றால் குறை சொல்ல மாட்டேன். நெடும் பயணத்தில் குமிழின் மேல் வெயில் விழுந்தால் உள்ளே வெப்பம் தேங்கும், காற்றுத் துளைகள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும், 5.2 கிலோ பூனை அதில் கால் நீட்டவே முடியாது. அண்ணன் மகளிடம், அது பையைச் சுமப்பவருக்கு அழகு, கருப்பனுக்கு அல்ல என்று சொல்லிவிடுங்கள்.

இனி, பெட்டியை வாங்குவதைவிட முக்கியமானது, அதை எப்போது வாங்குகிறீர்கள் என்பது. புறப்படும் நாளில் பரணிலிருந்து இறங்கும் பெட்டியைப் பூனை பகையாளியாகத்தான் பார்க்கும். உங்களுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இந்த வாரமே வாங்கி, கதவைக் கழற்றிவிட்டு, அம்மா வழக்கமாக உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்து, அம்மாவின் துவைக்காத பழைய கைலி ஒன்றை உள்ளே விரியுங்கள். அந்த மங்கை முதல் மூன்று நாள் பெட்டிக்கு வெளியே, பிறகு வாசலில், பிறகு உள்ளே என்று நகர்த்திக்கொண்டே போங்கள். உள்ளே போய் அவனாகப் படுக்கத் தொடங்கிய பிறகு கதவை மாட்டி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம் என்று சாத்திப் பழக்கி, கடைசி வாரத்தில் காரில் வைத்துத் தோட்டத்து கேட் வரை ஒரு சுற்று போய்வாருங்கள்.

பயணத்தன்று பெட்டியின் அடியில், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு விரிக்கும் உறிஞ்சுவிரிப்பை, மருந்துக் கடையில் கிடைக்கும், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டு, அதற்கு மேல் கைலியை வையுங்கள். நனைந்தால் மேலுள்ளதை உருவி எடுத்துவிடலாம். புறப்படுவதற்கு நான்கைந்து மணி நேரத்துக்கு முன்பே சோற்றை நிறுத்துங்கள், தண்ணீரை நிறுத்த வேண்டாம். இந்த வயதில் சிறுநீரகம், இருதயம் இரண்டையும் மருத்துவர் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது; பயத்தைத் தணிக்க மருந்து தேவையா என்று அப்போதே கேளுங்கள், கொடுத்தால் பயணத்துக்கு முன் வீட்டில் ஒரு நாள் கொடுத்துப் பாருங்கள். தூங்கட்டும் என்று இருமல் மருந்தையோ, மனிதர்களுக்கான வேறு எதையுமோ நீங்களாக ஊட்டக் கூடாது. பாரசிட்டமோல் பூனையைக் கொன்றுவிடும். இதை நான் மிகைப்படுத்தவில்லை.


வேன்காரர் (தைப்பிங்):

அக்கா பெட்டியைச் சொல்லிவிட்டார்கள், நான் காரைச் சொல்கிறேன். இருபது ஆண்டுகளாக வீடு மாறும் சாமான்களை வேனில் ஏற்றி இறக்குபவன் நான். சாமான்களோடு கோழி, புறா, பூனை, ஒரு முறை ஆடு என்று எல்லாம் வந்திருக்கின்றன.

என் சொந்தப் பூனையை வைத்து நான் செய்த தவற்றைச் சொன்னால் உங்களுக்கு உதவும். தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்குப் போகிறேன். கிளிப்பு வகைப் பெட்டி, முன் இருக்கையின் மேல், எதிலும் முட்டுக் கொடுக்காமல் சும்மா வைத்திருந்தேன். மெனோரா சுரங்கத்தைத் தாண்டியதும் இறக்கமும் வளைவுமாகச் சாலை போகும் அல்லவா, அங்கே முன்னால் போன லோரி திடீரென்று மெதுவானது. நான் பிரேக்கை மிதித்ததும் பெட்டி இருக்கையிலிருந்து குப்புற விழுந்து, மேல் ஓடு தனியாகக் கழன்று, பூனை நேராக என் காலுக்கு நடுவே வந்து பிரேக் பலகையின் கீழே புகுந்துகொண்டது. காலை மறுபடி அழுத்த முடியவில்லை. கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, அவசரத் தடத்தில் ஒதுங்கி நிறுத்தியபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. மடியில் வைக்கலாமா என்று அம்மா கேட்டதற்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

பெட்டிக்கு நல்ல இடம், முன் இருக்கைக்குப் பின்னால் உள்ள காலடித் தளம். பெட்டியை அங்கே இறக்கி, முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி முட்டுக் கொடுத்தால் அது எங்கும் போகாது. பின் இருக்கையின் மேல் வைத்து இருக்கைப் பட்டியால் சுற்றி இறுக்கிவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பெரும்பாலான பிளாஸ்டிக் பெட்டிகள் அப்படிக் கட்டுவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, மோதலில் அந்தப் பட்டியே பெட்டியின் ஓடுகளை நெரித்து உடைத்துவிடக்கூடும். முன் இருக்கை கூடவே கூடாது, காற்றுப்பை வெடித்தால் பூனை பெட்டியோடு போய்விடும். காரின் பின்பக்கத்து மூடிய சாமான் அறையில் உயிருள்ள எதையும் வைக்காதீர்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பெட்டியை அளக்கிற நாம் காரை அளப்பதில்லை. ஐம்பத்தைந்து சென்டிமீட்டர் நீளப் பெட்டி அக்சியாவின் காலடித் தளத்தில் சமமாக உட்காருமா என்பது எனக்குச் சந்தேகம்தான். நடுவில் மேடு இருந்தால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், பூனை ஏழு மணி நேரம் சரிவில் படுக்க நேரும். பெட்டி வாங்குவதற்கு முன்பே அதே அளவில் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி ஒட்டிக் காருக்குள் வைத்துப் பாருங்கள். உட்காரவில்லை என்றால் வேறு காரைப் பாருங்கள், பெட்டியைச் சிறிதாக்காதீர்கள்.

ஓய்விடங்களில் நிறுத்தும்போது ஒருவர் காரிலேயே இருக்க வேண்டும், இயந்திரமும் குளிர்சாதனமும் ஓட வேண்டும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் பத்துப் பாகை ஏறிவிடும், கண்ணாடியை நான்கு விரல் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, வதைபடும்படி விலங்கைக் கொண்டுபோவதற்குக் குறைந்தது 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை தண்டம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. சாக்கில் கட்டி மோட்டாரில் வைக்கும் காலம் போய்விட்டது.


ஆற்றங்கரையான் (தெலுக் இந்தான்):

கிளினிக் அக்கா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன்; கம்பிக் கூண்டை ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒதுக்கியதை மட்டும் ஏற்க முடியவில்லை. நம்முடையது குளிர்நாடு அல்ல. என்னிடம் இருப்பது பிளாஸ்டிக் பூசிய கம்பியால் செய்த, மேற்புறம் முழுவதும் திறக்கும் பூனைக்கூண்டு. எட்டு ஆண்டுகளாக நான்கு பூனைகள் அதில் போய்வந்திருக்கின்றன. காற்று நான்கு பக்கமும் வருகிறது, குழாயடியில் வைத்துக் கழுவினால் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது, உள்ளே பூனை என்ன செய்கிறது என்பதும் தெரிகிறது. ஓடு போட்ட பெட்டியில் பூனை வாய் திறந்து இளைத்தால் துண்டை விலக்கிக் குனிந்து பார்த்தால்தானே தெரியும்?


கிளினிக் அக்கா (ஈப்போ):

ஐயா சொல்வது நியாயம்தான், விளக்காமல் விட்டது என் பிழை. நீங்கள் வைத்திருப்பது போன்ற, கம்பி நெருக்கமான, பூச்சுள்ள, பூனைக்கென்றே செய்த கூண்டு நல்லது; அதன்மேல் மெல்லிய பருத்தித் துணியை மூன்று பக்கம் மூடிப் போட்டால் இன்னும் நல்லது. தங்கச்சியின் கணவர் சொல்வது மடக்குக் கூண்டை. அதில் பக்கங்கள் கொக்கியால்தான் கோத்திருக்கும், தூக்கும்போது உருக்குலையும், அடித்தட்டு நழுவும், இடைவெளி அகலமாக இருப்பதால் நகமோ கீழ்த்தாடையோ சிக்கிக்கொள்ளும். அப்படித் தாடை சிக்கிய பூனை ஒன்றைக் கம்பி வெட்டும் குறட்டால் விடுவித்திருக்கிறோம். அது வீட்டுக்குள் வைக்கும் கூண்டு, வண்டியில் ஏற்றுவதற்கு அல்ல.


பயணத்தில் இருப்பவன் (கோலகங்சார்):

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு வேலை மாற்றலாகிச் சரவாக்கில் உள்ள கூச்சிங் போகிறேன், என்னிடம் இருப்பது பர்ஷியப் பூனை. மேலே சொன்ன அதே பெட்டி விமானத்துக்கும் ஆகுமா?


கிளினிக் அக்கா (ஈப்போ):

திருகாணி வகைப் பெட்டியாக இருந்தால் ஆகும், ஆனால் தம்பி, உங்களுக்குச் சில கூடுதல் நிபந்தனைகள் உண்டு. பர்ஷியப் பூனை தட்டை மூக்கு இனம், மூச்சுப் பாதை குறுகியது. ஆகவே அயாட்டா கணக்கில் வரும் அளவுகளைவிடப் பத்து விழுக்காடு பெரிய பெட்டி வேண்டும். சில விமான நிறுவனங்கள் இந்த இனங்களை ஏற்பதே இல்லை, முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கதவு இரும்பாக, திருகாணிகளும் இரும்பாக இருக்க வேண்டும், காற்றுத் துளைகள் நான்கு பக்கமும் இருக்க வேண்டும், சக்கரம் இருந்தால் கழற்றிவிட வேண்டும், கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றும்படி கிண்ணம் கதவில் மாட்டியிருக்க வேண்டும். உயிருள்ள விலங்கு என்ற ஒட்டியும், மேல்பக்கம் எது என்று காட்டும் அம்புக்குறியும் வேண்டும். மயக்க மருந்து கொடுத்து ஏற்றக் கூடாது.

பெட்டிக்கும் முன்னால் சரவாக் மாநிலக் கால்நடைத் துறையின் நுழைவு அனுமதியைப் பெறுங்கள். நாடு ஒன்றுதானே என்று நினைத்துப் போய் நிற்கக் கூடாது. அங்கே 2017இல் வெறிநாய்க்கடி நோய் பரவியதிலிருந்து நாய், பூனை விஷயத்தில் கெடுபிடி அதிகம். தடுப்பூசிப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். மேற்கொண்டு கேள்வி இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள், கருப்பன் இன்னும் கிளம்பவில்லை.


தோட்டத்து மகள் (சுங்கை சிப்புட்):

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். கருப்பன் சோறு தின்னும்போது அளந்ததில் மூக்கிலிருந்து வாலடி வரை 47 சென்டிமீட்டர், முட்டி உயரம் 16, அகலம் 15, காது நுனி வரை 31 வந்தது. கணக்குப் போட்டால் நீளம் 55, அகலம் 30, உயரம் விரிப்போடு 34. கடைக்காரர் முதலில் காட்டிய எட்டுக் கிலோ பெட்டியின் உள்நீளம் 46தான். அரிசிப் பைச் சோதனையில் இன்னொரு பெட்டியின் கதவுத் தாழ் கழன்று விழுந்தது. கடைக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது, ஆனால் அவரே உள்ளே போய், எட்டுத் திருகாணி பூட்டிய, மேற்கதவுள்ள பெட்டியை எடுத்து வந்தார். உள்ளளவு 56, 34, 35. நூற்று நாற்பது வெள்ளி ஆயிற்று. அந்த விலைக்கு இரண்டு முதுகுப்பை வாங்கலாம் என்று அண்ணன் மகள் இன்றும் சொல்கிறாள்.

வேன்கார அண்ணன் சொன்னது போலவே அட்டைப்பெட்டி அக்சியாவில் சமமாக உட்காரவில்லை. அண்ணன் தம்முடைய அல்சா என்ற பெரிய காரை எடுத்துக்கொண்டு முதல் நாளே வந்துவிட்டார்.

முதல் வாரம் கருப்பன் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனானே தவிர எட்டிப் பார்க்கவில்லை. மங்கை வாசலில் வைத்த அன்று, பின்னங்கால் இரண்டையும் வெளியே வைத்துக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டித் தின்றுவிட்டுப் போனான். பத்தாவது நாளோ என்னவோ, மத்தியானத்தில் அம்மா கூப்பிட்டும் ஆளைக் காணோம், வீடு முழுக்கத் தேடிவிட்டுப் பார்த்தால் பெட்டிக்குள் அம்மாவின் கைலியில் முகத்தைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு கோணிச் சாக்குப் பேச்சை அம்மா எடுக்கவில்லை. ஆனால் துணியை மூன்று பக்கமும் இறக்கி மூடும் வேலையைத் தாமே செய்வேன் என்று சொல்லிவிட்டார், வழி தெரியக் கூடாதாம்.

பெரட்டுக்கு (தோட்டத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுப்பு) எழுந்து பழகிய உடம்பு என்பதால் அம்மா நாலரைக்கே குளித்துத் தயாராக இருந்தார். ஐந்து மணிக்குக் கிளம்பினோம். செம்மோர் தாண்டும் வரை கருப்பன் கத்தினான், பிறகு தாப்பா ஓய்விடம் வரை சத்தமே இல்லை. வாய் திறந்து இளைக்கிறானா என்று நான் இரண்டு முறை துணியை விலக்கிப் பார்த்தேன், இரண்டு முறையும் என்னை முறைத்தான். சிரம்பான் அருகே ஒரு முறை நனைத்தான், மேல் விரிப்பை மாற்ற வேண்டியிருந்தபோது காரின் எல்லாக் கதவுகளையும் பூட்டிக்கொண்டு, மேற்கதவைக் கைநுழையும் அளவுக்கு மட்டும் திறந்து உருவி எடுத்தோம். பகல் பன்னிரண்டரைக்கு அண்ணன் வீட்டில் ஓர் அறையில் பெட்டியை வைத்து, கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட்டோம். மாலை வரை அவன் பெட்டியைவிட்டு வரவில்லை. இரவு மங்கில் சோறு குறைந்திருந்தது, மணல் தட்டும் நனைந்திருந்தது.

இப்போது ஒரு சிறிய கேள்வி. பெட்டியைக் கழுவுவதற்காகப் பிரித்தபோது எட்டுத் திருகாணிகளில் ஒன்றின் சிறகு நட்டு எங்கேயோ உருண்டு போய்விட்டது, அல்சாவின் இருக்கைக்கு அடியிலும் தேடிவிட்டோம். அடுத்த வாரம் கருப்பனைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோக வேண்டும். ஏழு போதுமா, அல்லது வேறு ஏதாவது போட்டுக்கொள்ளலாமா?


கிளினிக் அக்கா (ஈப்போ):

ஏழு போதாது, குறிப்பாகக் கைப்பிடிக்கு அருகில் உள்ளது போயிருந்தால். மீதமுள்ள ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு அங்கே உள்ள வன்பொருள் கடையில் காட்டுங்கள், அதே புரியில் துருப்பிடிக்காத நட்டு சில காசுக்குக் கிடைக்கும். நான்கு வாங்கி, ஒரு சிறு பையில் போட்டுக் கைப்பிடியிலேயே கட்டிவையுங்கள். அதுவரை அந்தத் துளையில் கேபிள் கட்டு ஒன்றைக் கோத்து இறுக்கி, நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை ஒட்ட வெட்டிவிடுங்கள், கருப்பன் கடிப்பான்.